7 லாரியிலிருந்து 25-க்குப் போகலாமா? அப்பா ஏன் தயங்குகிறார்?

அப்பா 26 வருடத்துக்கு முன்னால் ஒற்றை லாரியோடு தொடங்கினார், இன்று 7 வண்டி ஓடுகிறது. நீங்களும் தம்பியும் தொழிலுக்குள் வந்துவிட்டீர்கள். கடன் கிடைக்கிறது, 3 வருடத்தில் 25 வண்டி ஆக்கிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். அப்பா "வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். பெரிய கம்பெனிகளும் ஒரு லாரியில்தானே தொடங்கின, அப்படியிருக்க யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் நடுவே ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 3 வண்டி இருந்தபோது கையில் நின்ற பணம், 7 வண்டி ஆன பிறகு நிற்கவில்லை என்று. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான். அதற்கு விடை தெரிந்தால் 25 வேண்டுமா வேண்டாமா என்பது தானாகத் தெளியும்.

நான் முதல் 8 வருடம் ஒரு குடும்ப லாரி நிறுவனத்தில் வண்டி அனுப்பும் மேசையில் இருந்தேன். பிறகு 14 வருடமாக இதே போன்ற நிறுவனங்களின் கணக்கைப் பார்த்து ஆலோசனை சொல்லி வருகிறேன். உங்கள் கணக்கை நான் பார்த்ததில்லை. அதனால் எது வெறும் கூட்டல் கழித்தல், எது என் அனுபவம், எது என் ஊகம் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் கூட்டல் கழித்தல். ஒரு வண்டியின் மாத வருமானத்தை 100 என்று வையுங்கள். டீசல், டிரைவர் சம்பளம், சுங்கம் என்று அன்றன்றைக்கே கையிலிருந்து போவது 70. கடன் தவணை, இன்சூரன்ஸ், டயருக்கும் ரிப்பேருக்கும் ஒதுக்குவது 22. மிச்சம் 8. இது உதாரணம்தான், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது பார்ட்டி, அதாவது லோடு தருபவர், மாதக் கடைசியில் பில் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து 60 நாள் கழித்துப் பணம் தருகிறார் என்றால், முதல் மாதம் ஓடியதற்கான 100 உங்கள் கைக்கு வரும்போது மூன்றாவது மாதம் முடிந்திருக்கும். அதற்குள் அந்த வண்டிக்காக நீங்கள் போட்டிருப்பது மாதம் 92 வீதம் 276. மாதம் 8 மிச்சம் தரும் வண்டி அந்த 276-ஐச் சம்பாதிக்க 34 மாதத்துக்கு மேல் ஆகும். நீங்கள் சேர்க்க நினைப்பது 18 வண்டி. 18-ஐ 276-ஆல் பெருக்கினால் 4,968. இப்போது ஓடும் 7 வண்டியும் சேர்ந்து மாதம் தருவது 56. பழைய வண்டிகளின் லாபத்தைக் கொண்டே புதிய வண்டிகளுக்குச் சோறு போடுவதென்றால் 88 மாதம், அதாவது 7 வருடத்துக்கு மேல் வேண்டும். வண்டி வாங்கக் கடன் கொடுப்பவர் இந்த 4,968-க்கும் சேர்த்துக் கொடுப்பதில்லை. அவர் வண்டிக்குக் கொடுக்கிறார், வண்டி ஓடுவதற்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. லாரித் தொழிலில் வண்டி கூடக்கூடப் பணம் குறையும், கொஞ்ச காலத்துக்காவது. லாபம் இருந்தும் கையில் காசில்லாமல் முடங்கிய நிறுவனங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் 3 வண்டிக் காலத்துப் பணம் எங்கே போயிற்று என்றால், என் ஊகம், அது பார்ட்டிகளிடம் பாக்கியாக உட்கார்ந்திருக்கிறது. 3 வண்டிக்கு அப்பா இறக்கும் இடத்திலேயே பணம் வாங்கியிருப்பார். 7 வண்டிக்கு லோடு பிடிக்க, கடனுக்கு ஓடச் சம்மதித்திருப்பார்.

பெரிய கம்பெனிகளின் கதையைக் கேட்டீர்கள். அந்தக் கதைகள் உண்மைதான். அமெரிக்காவில் ஷ்னைடர் நிறுவனம் 1935-ல் குடும்பக் காரை விற்று வாங்கிய ஒரு லாரியில் தொடங்கியது. வெர்னர் நிறுவனமும் 1956-ல் அதே மாதிரி, காரை விற்று ஒரு லாரி. ஆஸ்திரேலியாவில் லிண்ட்சே ஃபாக்ஸ் அதே 1956-ல் ஒரு லாரியோடு லின்ஃபாக்ஸைத் தொடங்கினார். இந்தியாவில் விஜய் சங்கேஷ்வரின் வி.ஆர்.எல். நிறுவனம் 1976-ல் கர்நாடகத்தின் கதக் நகரில் ஒரு லாரியிலிருந்து வந்தது. ஆனால் இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லிவிட்டு நடுவில் உள்ள வருடங்களை விட்டுவிடுகிறார்கள். வெர்னர் பங்குச் சந்தைக்கு வந்தது 1986-ல், 30 வருடம் கழித்து. வி.ஆர்.எல். வந்தது 2015-ல், 39 வருடம் கழித்து. ஷ்னைடர் 2017-ல், 82 வருடம் கழித்து. அமெரிக்காவின் ஜே.பி. ஹன்ட் நிறுவனம் மட்டும் 1969-ல் 5 லாரியோடு சரக்குப் போக்குவரத்துக்குள் வந்து 1983-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. அந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 1935 முதல் எந்தத் தடத்தில் ஓடலாம், எவ்வளவு வாடகை என்பதற்கெல்லாம் அரசின் ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1980-ல் வந்த சட்டம் அந்தக் கட்டைப் பெருமளவு அவிழ்த்துவிட்டது. கதவு திறந்த நேரத்தில் தயாராக நின்றவர்கள் உள்ளே ஓடினார்கள். அதே கதவு திறந்ததால் வாடகை விழுந்து, அதுவரை அனுமதிச் சீட்டின் பாதுகாப்பில் இருந்த பழைய நிறுவனங்கள் பல மூடின.

ஹன்ட் கதையில் நான் எல்லோருக்கும் சொல்லும் பகுதி வேறு. அதைத் தொடங்கிய ஜானி ஹன்ட் புதுப்புது யோசனைகளோடு வெளியே அலைந்தவர். பாக்கி வசூலையும் கடன் கணக்கையும் வருடக்கணக்காகக் கையில் வைத்திருந்தவர் அவர் மனைவி ஜொனெல். பணம் தராத பார்ட்டியைத் தொலைபேசியில் விடாமல் பிடித்து வாங்கியவர் அவர். குடும்ப நிறுவனத்தின் பலம் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்: வெளியார் ஒருவர் சம்பளத்துக்குச் செய்யும்போது இல்லாத பிடிவாதம், நம் வீட்டுப் பணம் என்று வசூலிப்பவருக்கு இருக்கும். உங்கள் வீட்டில் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யாரும் செய்யவில்லை என்றால் 25 பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை.

இனி என் அனுபவம். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்தவரை 3 வண்டி வரைக்கும் முதலாளியே டிரைவர், அவரே கணக்குப்பிள்ளை, பாதி நேரம் அவரே மெக்கானிக். 4 முதல் 10, 12 வரைக்கும் முதலாளியின் கண்தான் நிர்வாகம். எந்த வண்டி எந்தக் கியரில் முனகும், எந்த டிரைவருக்கு எந்த ரோடு பழக்கம், எந்தப் பார்ட்டியிடம் எந்தக் கிழமை போய் நின்றால் பணம் வரும், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். 12-ஐத் தாண்டும்போது அந்தத் தலை போதாமல் போகிறது. அங்கே பலரும் செய்யும் தவறு, வண்டியை முதலில் வாங்கிவிட்டு ஆளைப் பிறகு தேடுவது. லோடு பார்க்க ஒருவர், வண்டிப் பராமரிப்புக்கு ஒருவர், பில்லும் வசூலும் பார்க்க ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். 12 வண்டியின் மிச்சம் அந்த மூன்று சம்பளத்தைத் தாங்காது, 20 வண்டியின் மிச்சம் தாங்கும். இடையில் உள்ள அந்த 8 வண்டி தூரம்தான் இந்தத் தொழிலின் மிக ஆபத்தான தூரம். அதைக் கையிருப்போடு கடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடனோடு மட்டும் கடந்தவர்களைக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

கண் என்று சொன்னேனே, அதற்கு ஒரு சம்பவம். நான் மேசையில் இருந்த காலத்தில் எங்கள் முதலாளி வண்டி உள்ளே வந்ததும் முதலில் டிரைவரிடம் பேசுவார், பேசிக்கொண்டே வண்டியைச் சுற்றி நடப்பார், நடக்கும்போது ஒவ்வொரு டயரின் பக்கவாட்டையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். ஒரு நாள் பின் அச்சில், உள்பக்க டயரிடம் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையை எடுக்கவே இல்லை. "இது நம்ம டயர் இல்லையே" என்றார். போன வாரம் போட்ட புது டயர் போய், ரீட்ரேட் செய்த, அதாவது தேய்ந்த மேல்பரப்பில் புது ரப்பர் ஒட்டிய, பழைய டயர் ஒன்று அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. நான் அந்த வண்டியை ஐந்து முறை பார்த்தும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அன்றைக்கு மாலையே ஒரு இரும்புக் கம்பியைக் காய்ச்சி, எல்லா டயரின் பக்கவாட்டிலும் எங்கள் எண்ணைப் பொறித்தோம். ஒரு நோட்டு போட்டு எந்த எண் எந்த வண்டியில் எந்தச் சக்கரத்தில், எத்தனை கிலோமீட்டரில் ஏறியது, எத்தனையில் இறங்கியது என்று எழுதத் தொடங்கினேன். ஒரு வருடம் கழித்து அந்த நோட்டு, அவர் உள்ளங்கைக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னது: குறிப்பிட்ட ஒரு வண்டியில் மட்டும் முன் டயர் மற்ற வண்டிகளில் பாதி தூரம்தான் வந்தது. அச்சு நேராக இல்லை என்று அதன் பிறகுதான் கண்டுபிடித்தோம். அப்பாவின் கையும் வேண்டும், நோட்டும் வேண்டும் என்று நான் சொல்வது இந்த அனுபவத்தில்தான். கை இருக்கும்போதே நோட்டைத் தொடங்க வேண்டும்.

டீசலுக்கும் இதே கதை. டீசலும் டிரைவர் சம்பளமும் சேர்ந்தால் பெரும்பாலான நாடுகளில் செலவில் பாதிக்கு மேல் வந்துவிடும். 40 டன் எடை வரும் நவீன வண்டி நூறு கிலோமீட்டருக்கு 30 லிட்டர் அளவில் குடிக்கும், அதாவது லிட்டருக்கு மூன்றேகால் கிலோமீட்டர். நின்ற இடத்தில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர். ஒரு வண்டி நாளைக்கு 2 மணி நேரம் சும்மா உறுமிக்கொண்டு நின்றால், ஓடாத 20 கிலோமீட்டருக்கு டீசல் போட்டதாக அர்த்தம். ஜி.பி.எஸ். கருவி இதை நிமிடக் கணக்கில் காட்டும். ஷ்னைடர் 1988-லேயே செயற்கைக்கோள் வழியாக வண்டியோடு பேசும் கருவியைத் தன் லாரிகளில் பொருத்தத் தொடங்கியது. அப்போது அது பெரிய துணிச்சல். ஆனால் கருவியைப் பொருத்தும் முறையில் கவனம் வேண்டும். ஒரு நிறுவனத்தில் மகன் வந்த முதல் மாதமே டிரைவர்களிடம் சொல்லாமல் கருவி வைத்தார். 15 வருடம் ஓட்டிய இரண்டு பேர் அடுத்த மாதம் இல்லை. அவர்களைத் திருடர்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் கேட்டது. இன்னொரு நிறுவனத்தில் மிச்சமான டீசலில் ஒரு பங்கை டிரைவருக்கே தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பொருத்தினார்கள். அங்கே டிரைவர்களே வந்து "என் வண்டிக் கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்டார்கள்.

நீங்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவின் 7 வண்டிகள் வெவ்வேறு வருடங்களில் வாங்கியவை. அதனால் ஒன்றுக்கு டயர் மாற்றும்போது இன்னொன்று புதிதாக இருக்கும், ஒன்று என்ஜின் வேலைக்கு நிற்கும்போது மற்றது ஓடும். 18 வண்டியைக் குறுகிய காலத்தில் வாங்கினால் எல்லாம் ஒரே வயது. முதல் இரண்டு வருடம் ரிப்பேர் இருக்காது, வாரண்டி இருக்கும், கணக்கில் லாபம் அழகாகத் தெரியும். அந்த லாபத்தை நம்பி இன்னும் நான்கு வண்டி வாங்கத் தோன்றும். பிறகு ஒரே சமயத்தில் எல்லா டயரும் தேயும், எல்லா கிளட்சும் போகும், தவணை மட்டும் அப்படியே நிற்கும். டயருக்கும் ரிப்பேருக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று முதல் நாளிலிருந்தே தனிக் கணக்கில் எடுத்து வைக்காதவர்களின் முதல் இரண்டு வருட லாபத்தை நான் லாபமாகவே எண்ணுவதில்லை.

வாங்கும் நேரமும் முக்கியம். இந்தத் தொழிலில் வாடகை ஏறினால் எல்லோரும் வண்டி வாங்குவார்கள், வண்டி பெருகினால் வாடகை விழும். 2021-ல் அமெரிக்காவில் வாடகை உச்சத்தில் இருந்தபோது, பழைய லாரிக்கே வழக்கத்தைவிட மிக அதிக விலை கொடுத்து வாங்கிச் சிறு முதலாளிகள் ஏராளமாக உள்ளே வந்தார்கள். 2023-ல் வாடகை விழுந்துவிட்டது, தவணை விழவில்லை. பலர் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். உங்களுக்குக் கடன் சுலபமாகக் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் கடன் உங்கள் போட்டியாளருக்கும் அதே சுலபத்தில் கிடைக்கிறது.

என் தவறையும் இங்கே வைக்க வேண்டும். ஆலோசனை சொல்லத் தொடங்கிய புதிதில், 9 வண்டி வைத்திருந்த ஒரு குடும்பத்திடம் ஒரு தொழிற்சாலை "இன்னும் 3 வண்டி போடுங்கள், நிரந்தர லோடு தருகிறோம்" என்றது. நான் கணக்குப் போட்டு "வாங்குங்கள்" என்றேன். வாங்கினார்கள். 5 மாதத்தில் தொழிற்சாலையின் வாங்கும் பிரிவு மாறியது, புதியவர் வேறு ஆளுக்கு லோடைக் கொடுத்தார். எழுத்தில் எதுவும் இல்லை. அந்த 3 வண்டி மட்டும் நின்றிருந்தால் தாங்கியிருப்பார்கள். அந்த ஒரே பார்ட்டியிடம் அவர்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டுப் பெரியவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. 4 வண்டியை விற்றுக் கடனை அடைத்தார். அதற்குப் பிறகு நான் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது, உங்கள் மிகப் பெரிய பார்ட்டி நாளைக் காலை நின்றுபோனால் எத்தனை மாதம் தவணை கட்டுவீர்கள் என்பதுதான். ஆறு மாதம் என்று பதில் வராத இடத்தில் புது வண்டிக்கு நான் தலையாட்டுவதில்லை. ஆறு என்பது சூத்திரம் கிடையாது, அந்தக் குடும்பம் எனக்குக் கற்றுக்கொடுத்த எண்.

அப்படியென்றால் வளரவே கூடாதா? கூடும். வண்டி வாங்காமலே வளரும் இடம் உங்களிடம் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளின் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் லாரிகள் ஓடும் தூரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காலியாக ஓடுகிறது, அவ்வளவு ஒழுங்குபடுத்திய சந்தையிலேயே. உங்கள் 7 வண்டியும் மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் காலியாக வருகின்றன என்று எழுதிப் பாருங்கள். திரும்பி வரும்போது ஏற்றும் ரிட்டர்ன் லோடு பிடிக்க ஒருவர் முழுநேரமாக உட்கார்ந்தால் 7 வண்டி 8 வண்டியின் வேலையைச் செய்யும், தவணை இல்லாமல். லோடு மிஞ்சினால் வெளி வண்டியை வாடகைக்கு வைத்து ஓட்டுங்கள். மிச்சம் குறைவுதான், ஆனால் அந்தப் பார்ட்டி நிலைக்கிறாரா, நேரத்துக்குப் பணம் தருகிறாரா என்பது உங்கள் முதல் போடாமலே தெரிந்துவிடும். ஒரு வருடம் தொடர்ந்து வெளி வண்டி தேவைப்படும் தடத்துக்குத்தான் சொந்த வண்டி வாங்க வேண்டும்.

குடும்ப விஷயத்தில் நான் அதிகம் சொல்லத் தகுதியானவன் அல்ல, ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்களும் தம்பியும் உழைப்புக்கு எவ்வளவு சம்பளம், உரிமைக்கு எவ்வளவு பங்கு என்று இப்போதே இரண்டாகப் பிரித்து எழுதிவிடுங்கள். 7 வண்டி இருக்கும்போது இதைப் பேசினால் அரை மணி நேரப் பேச்சு. 25 வண்டி ஆன பிறகு பேசினால் வக்கீல் வைத்துப் பேச வேண்டிவரும். ஷ்னைடர் குடும்பத்தில் தந்தைக்குப் பிறகு மகன் டான் பல வருடம் நடத்தினார். 2002-ல் குடும்பத்துக்கு வெளியே இருந்த ஒருவரிடம் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தார்கள். உரிமை ஒரு கையிலும் நிர்வாகம் இன்னொரு கையிலும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கே 67 வருடம் ஆயிற்று.

அப்பாவிடம் 25 என்ற எண்ணைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நோட்டைக் கொண்டுபோய் உட்காருங்கள். ஒவ்வொரு பார்ட்டியின் பெயரையும் சொல்லி, இவர் எப்போது பணம் தருவார், எப்படிக் கேட்டால் தருவார் என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். பிறகு வண்டி வண்டியாக, பிறகு டிரைவர் டிரைவராக. நான் இதைச் செய்த வீடுகளில் எல்லாம் இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ பெரியவர் தானாகவே தன் பயத்தைச் சொல்லியிருக்கிறார். சில வீடுகளில் அது எங்கோ பழைய ஒரு பாக்கி, மகன்களுக்கு அதுவரை தெரியாமல் வைத்திருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 26 வருடம் ஓட்டியவர் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால், காரணம் இல்லை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசி 12 மாதத்தின் பில் தேதி, பணம் வந்த தேதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே சொல்லுங்கள். தம்பி வண்டியில் போகிறாரா, மேசையில் இருக்கிறாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இரண்டும் தெரிந்தால், அடுத்த வண்டி எப்போது என்பதைப் பற்றி இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியும்.